இரண்டு மணி மீட்டிங்

மணி பகல் இரண்டு. பேய் வருகிற நேரமா அது என்று சிரிக்க வேண்டாம். நடந்தது அப்போதுதான், நான் என்ன செய்வது? உச்சி வெயில். இரண்டு பக்கமும் ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. ரோடு மட்டும் கறுப்பாக, நேராக, கண்ணுக்கு எட்டிய மட்டும் போகிறது. அந்த ரோட்டோரம், ஒரு செல்போன் டவருக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. ஏசிக்காக இன்ஜினை ஓட விட்டிருக்கிறார்கள். பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் டவுசர். காருக்குள் வேறு யாரும் இல்லை...

அவர் என் நண்பனுடைய அத்தான். அவன் அக்காவின் கணவர். அவன் அத்தான், அத்தான் என்றே சொல்லி எனக்கும் அவர் அத்தான் ஆகிவிட்டார். இதை அவனுக்குச் சொன்னது அவன் அக்கா. அவளுக்குக் கதை கட்ட வராது. ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல்லச் சொன்னால்கூடப் பாதியில் மறந்துவிடுகிறவள். அப்படிப்பட்டவள் சொன்னதால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஜன்னல் பக்கம் இருப்பவர் கொஞ்சம் இப்படி நகர்ந்து உட்காரலாம்... நான் ஒன்றும் சொல்லவில்லை, காற்று வரட்டும் என்றுதான்.

அத்தானுக்கு என்ன வேலை என்றால், வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று வருகிற புகார்களைப் பிரித்து, எந்த மெக்கானிக் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். கொஞ்ச காலம் எல்லோரும் வீட்டிலிருந்தே செய்தார்கள். பிறகு ஒரு நாள் ஆபீசில், போதும், எல்லோரும் வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் மட்டும் விலக்கு.

அத்தானின் அப்பா படுத்த படுக்கைதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆனால் அவர் இருந்தது அத்தான் வீட்டில் இல்லை, அத்தானின் தங்கை வீட்டில். அவள் ஒரு பல் டாக்டரிடம் காலை வேளையில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்ப்பாள். மதியம் ஓடி வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி... கல்யாணம் என்ற பேச்சையே விட்டுவிட்டாள். அவளுக்கும் ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "அண்ணா, ஒரு ரெண்டு மாசம் நீ வெச்சுக்கோயேன். நான் கொஞ்சம் நிமிர்ந்துக்கிறேன்" என்று கேட்டாள். அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அன்றைக்கு அத்தான் இரண்டு போன் பேசினார். ஆபீசுக்கு, "அப்பா எங்கூடத்தான் இருக்கார், நான்தான் பாத்துக்கணும்." தங்கைக்கு, "ஆபீஸ்ல பயிற்சிக்கு வெளியூர் அனுப்புறாங்கம்மா, இப்ப முடியாதே." ஆபீசுக்கு அப்பாவைக் காட்டினார், தங்கைக்கு ஆபீசைக் காட்டினார், நடுவில் கிடைத்த சந்தில் காரை விட்டார். நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மனைவி அப்போது ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொன்றுக்குக் காத்திருந்தாள். ஆபீசில் அனுமதி கிடைத்துவிட்டது, தங்கையும் போய் வா என்று சொல்லிவிட்டாள் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் நம்பினாள். காரின் பின்பகுதியில் மெத்தை விரித்து, சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மனுஷன் எதையும் திருத்தமாகச் செய்கிறவர். மீட்டிங்கில் கேமரா போட்டாக வேண்டும் என்பது ஆபீஸ் விதி. முதுகுக்குப் பின்னால் ஏதாவது படத்தை வைத்துக்கொள்ளலாம். மலை, கடல், புத்தக அலமாரி என்று எதை வைத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அத்தான் என்ன செய்தார்? அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போன அன்று, தங்கை அவரைக் குளிக்க அழைத்துப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த அறையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். கட்டில், கலைந்த போர்வை, மருந்து மேசை, பிடித்துக்கொண்டு நடக்கச் சுவரில் அடித்திருந்த கம்பி. அதைத்தான் தினமும் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இன்னொன்றும் செய்தார். திரையில் தன் முகம் தனக்குத் தெரியாதபடி மறைத்து வைத்துவிட்டார். பொய் சொல்லும்போது தன் முகத்தைத் தானே பார்க்க முடியவில்லையாம். அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது. பொய்யை விடுகிற அளவுக்கு இல்லை.

சரி... டவருக்குக் கீழே நிற்கிற காருக்கு வருவோம்.

மீட்டிங் நேரத்தில் மனைவி காரில் இருக்க மாட்டாள். கால் மரத்துப்போகிறது என்று இறங்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டு ரோட்டோரமாக நடந்துவிட்டு வருவாள். அத்தான் தனியாகத்தான் இருந்தார். திரையில் ஒரு பத்துப் பேர். மேனேஜர் அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி சொன்னாள்.

"சார், அப்பா எழுந்து உட்கார்ந்துட்டார் போல."

அத்தானுக்கு முதலில் புரியவில்லை. ஆனால் பொய் பழகிய வாய் பாருங்கள், யோசிக்காமலே பதில் சொல்லிவிட்டது.

"ஆமாமா. இப்பதான் எழுந்தார்."

"இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறோம்" என்றார் மேனேஜர் அம்மா. "நல்லா இருக்கீங்களாப்பா?"

எல்லோரும் கையை ஆட்டினார்கள். அத்தானைப் பார்த்து இல்லை... அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து.

அப்போதுதான் அவருக்கு அந்த வாசனை வந்தது. வலித் தைலம். அதோடு, சரியாகக் காயாத போர்வையின் ஈர வாடை. காரில் அப்படி எதுவும் கிடையாது. அது தங்கை வீட்டு அறையின் வாசனை. அவர் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மாட்டேன் என்றது.

பத்துப் பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தப் புதுப்பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார்... தண்ணி கேக்கறார்னு நெனைக்கிறேன். கையை வாய்கிட்ட கொண்டுபோறார். அப்பவே கேட்டார், நீங்க கவனிக்கலை."

"மீட்டிங் கெடக்கட்டும்" என்றார் மேனேஜர் அம்மா. குரல் மாறியிருந்தது. "முதல்ல தண்ணி குடுங்க."

பயத்தை விட அதுதான் அவரைச் சுட்டது. பத்துப் பேருக்கு முன்னால், கேட்டும் தண்ணீர் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிற மகன். முகம் பற்றி எரிந்தது. மடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, திரும்பிப் பார்க்காமலே, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார்.

பாட்டிலின் அடியை ஏதோ தாங்கிப் பிடித்தது.

களக்... களக்... களக்...

"மெதுவாப்பா, மெதுவா" என்றாள் அந்தப் பெண், திரையிலிருந்து. "புரை ஏறிடப் போகுது."

கையில் பாட்டில் லேசாகிக்கொண்டே வந்தது. மீட்டிங் முடிந்து, எல்லோரும் போன பிறகு, அத்தான் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மெத்தை. இரண்டு பை. பின்கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் ரோடு. மெத்தையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாட்டிலிலும் இல்லை.

சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு கூத்துண்ணா. மத்தியானம் தண்ணி குடுத்தா அப்பா தலையைத் திருப்பிக்கிட்டார். அவன் குடுத்துட்டான்னார். எவன்னு கேட்டா, உன்னைச் சொல்றார்."

"வயசாச்சும்மா. ஏதாவது கனவு கண்டிருப்பார்."

"அப்படித்தான் நானும் நெனைச்சேன்" என்றாள். "ஆனா காலர் நனைஞ்சிருந்துதுண்ணா."

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அப்போதே வண்டியைத் திருப்பியிருப்போம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். அத்தான் திருப்பவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டார், அது உண்மை. மறுநாள் கடைக்குப் போய் ரொட்டியும் பாலும் ஒரு கரண்டியும் வாங்கிக்கொண்டார். மீட்டிங் நேரத்தில், பாலில் ஊறிய ரொட்டியைக் கரண்டி கரண்டியாகத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். கரண்டி காலியாகக் காலியாகத் திரும்பி வந்தது. காதருகில் மெல்லுகிற சத்தம். ஒரு பக்கத்துத் தாடையால் மட்டும் மெல்லுகிற சத்தம்.

ஆபீசில் ஒரே பாராட்டு. "கொடுத்து வெச்சவர் உங்க அப்பா" என்றார் மேனேஜர் அம்மா. மற்றவர்களைப் பார்த்து, "ஒரு கையால வேலையும் பாக்கறார், இன்னொரு கையால ஊட்டவும் செய்யறார், பாத்துக்கங்க" என்றார். புதுப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் அப்பா இருந்தபோது தான் இப்படிச் செய்யவில்லையே என்றாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

தங்கை வீட்டில், அப்பா அவள் கையால் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். எதைக் கொண்டுபோனாலும், "அவன் ஊட்டிட்டான்." வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் நிறைந்துதான் இருந்ததாம். அத்தானுக்குப் பயம் போய் ஒரு நிம்மதிகூட வந்துவிட்டது. வேலையும் நடக்கிறது, அப்பாவும் சாப்பிடுகிறார், ஊரும் பார்த்தாகிறது. இதைச் சொல்லும்போது அத்தான் தன் மனைவியின் முகத்தைப் பார்க்கவே இல்லையாம்.

சனிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு மீட்டிங் கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி தங்கை போன் செய்தாள். சிரிப்பு இல்லை. "அப்பா இன்னிக்கு வாயே தொறக்கலைண்ணா. தண்ணிகூட உள்ள போகலை. அவன் வருவான், அவன் வருவான்னு கெடக்கார். நீ ஒரு நாள் லீவு போட்டு வந்துட்டுப் போயேன். உன் பயிற்சி அவ்வளவு முக்கியமா?"

அன்றைக்கு அவர் இருந்த இடம் நாட்டின் மறு கோடி. வருகிறேன் என்றால் எங்கிருந்து என்று சொல்ல வேண்டும். "பாக்கறேம்மா" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் காரை நிறுத்தியிருந்தார்கள். மனைவி காபி வாங்கப் போனாள். அத்தான் லேப்டாப்பைத் திறந்து, படத்தை மாட்டி, கேமராவைப் போட்டு, ஆளே இல்லாத மீட்டிங்கில் தனியாக உட்கார்ந்தார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கரண்டியைப் பின்னால் நீட்டினார். நீட்டியபடியே இருந்தார். கை கடுத்தது. பால் முழங்கை வழியாக வழிந்தது. "அப்பா, வாங்கிக்கங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தார். அப்பா என்று அவர் கூப்பிட்டே எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கரண்டி அப்படியே நிறைந்து திரும்பி வந்தது.

அவருக்கு என்ன தோன்றியதோ, அந்தப் புதுப்பெண்ணுக்குப் போன் செய்தார். "லீவு நாள்தான், தப்பா நெனைக்காதீங்க. ஒரே ஒரு நிமிஷம் கேமராவுல வரமுடியுமா?" ஈரத் தலையோடு வந்தாள் பாவம். வந்து, அவர் தோளுக்குப் பின்னால் பார்த்து, "ஐயோ, அப்பா ஏன் இப்படி இளைச்சுட்டார்?" என்றாள்.

கரண்டி அந்த நொடியே லேசானது.

அத்தானுக்கு விளங்கிவிட்டது. பார்க்க ஒரு ஆள் இருந்தால்தான் அது காலியாகும். யாரும் பார்க்காதபோது அவர் நீட்டுகிற கரண்டியை அப்பா தொட மாட்டார். பெற்ற பிள்ளையை எத்தனை வருஷமாகப் பார்க்கிறவர் அவர்... தெரியாதா என்ன?

ரொட்டி முழுவதும் தீர்ந்தது. அந்தப் பெண் விடைபெற்றுக்கொண்டு போனாள். அத்தான் நிமிர்ந்து பார்த்தபோது, கார்க் கண்ணாடிக்கு வெளியே மனைவி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் காபி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. கரண்டி ஒவ்வொன்றும் அந்தரத்தில் காலியாவதை அவள் பார்த்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு போனையும், படத்தையும், தண்ணீரையும். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாராவது பாத்தாத்தான் பெத்த அப்பாவுக்கு ஊட்டுவீங்களா?"

காபி இரண்டையும் தரையில் கொட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, வண்டியைத் திருப்பினாள்.

ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டினார்கள். நின்றது டீசலுக்கும் மீட்டிங்குக்கும் மட்டும். மீட்டிங்கின்போது இந்த முறை அவள் இறங்கிப் போகவில்லை, முன் சீட்டிலேயே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணுக்கு அப்பா தெரியவில்லை. மெத்தையில் ஒரு ஆள் உட்கார்ந்தால் விழுகிற பள்ளம் மட்டும் தெரிந்தது என்றாள். வாசனை அவளுக்கும் வந்ததாம். அவளுடைய கண்ணில் நீர் வந்தது, பயத்தினால் இல்லை. "மன்னிச்சுக்கங்க மாமா" என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வழியெல்லாம் அத்தான் மனசுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். போனதும் அப்பா காலைப் பிடித்துவிட வேண்டும். மீட்டிங்கில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும்.

தங்கை வீட்டு வாசலில் வண்டி நின்றபோது இரண்டு மணி ஆகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வண்டியின் மூக்கில் வழியெல்லாம் மோதிய பூச்சிகள் அப்பிக் கிடந்தன. தங்கை இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து வந்து கதவைத் திறந்தாள். வண்டியைப் பார்த்தாள். உள்ளே மெத்தை. இரண்டு வெயில் தொப்பி. கண்ணாடியில் தொங்குகிற கிளிஞ்சல் மாலை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"பயிற்சி முடிஞ்சுதாண்ணா?"

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவருக்கு.

அப்பா கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அத்தான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். தங்கை ஒரு கிண்ணத்தில் பால் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். அத்தான் கரண்டியை எடுத்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனார். நிஜக் கரண்டி, நிஜக் கை, நிஜ வாய்.

அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். அத்தானை நேருக்கு நேர் பார்த்து, கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்.

"வேணாம். என் மகன் வருவான்."

"நான்தாம்பா. வந்துட்டேன்."

"வருவான்" என்றார் அப்பா, அந்நியர் ஒருவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

மணி இரண்டு அடித்தது. அத்தான் எழுந்து ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து வந்தார். கட்டிலுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, அப்பா தன் தோளுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். அந்தப் படத்தை எடுத்துவிட்டார். இன்றைக்காவது படம் தேவையில்லை அல்லவா? உண்மையான அறை, உண்மையான கட்டில், உண்மையான அப்பா. கேமராவைப் போட்டார். ஒவ்வொரு முகமாகத் திரையில் வந்தது. "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

மேனேஜர் அம்மா முகத்தைச் சுளித்தார்.

"நீங்க ஏன் கார்ல இருக்கீங்க?"

"இல்லை மேடம், நான் வீட்டுல..."

"பின்னாடி ரோடு ஓடுது சார்" என்றாள் புதுப்பெண். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "வேகமா ஓடுது. அப்பாகூட யாரு இருக்காங்க?"

அத்தான், இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த தன் முகத்தைத் திரையில் வரவழைத்தார். அதில் அவர் முகம் இருந்தது. முகத்துக்குப் பின்னால் காரின் பின்கண்ணாடி. அதற்கும் பின்னால் கறுப்பாக, நேராக, ரோடு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. மனைவி அவர் பக்கத்தில்தான் நின்றாள், அவளும் பார்த்தாள். தங்கையும் பார்த்தாள்.

அவர் சடக்கென்று திரும்பினார். கட்டில் இருந்தது, சுவர் இருந்தது, அப்பா இருந்தார். கைக்கு எட்டுகிற தூரத்தில்.

அப்பா நல்ல கையை மெல்லத் தூக்கி ஆட்டினார். வாசலில் நின்று வண்டியை வழியனுப்புகிறவர்கள் ஆட்டுவார்களே, அப்படி. அவருடைய பார்வை முதலில் அத்தான் முகத்தில்தான் இருந்தது. பிறகு அவரைத் தாண்டி... சுவரைத் தாண்டி... சின்னதாகிக்கொண்டே போகிற எதையோ பின்தொடர்ந்து, தூரத்தில், ரொம்பத் தூரத்தில் போய் நின்றது. அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டார்.